உள்பக்கம் கைபிடி இல்லாத கதவு

தன் தொழிலே நாற்றமெடுப்பதாக மரியகொரட்டிக்கு அந்த வாரம் தோன்றியது.

திங்கட்கிழமை ஒருவன் கடைக்கு வந்தான். கையில் பூட்டும் இல்லை, சாவியும் இல்லை. ஃபோனை நீட்டி ஒரு படத்தைக் காட்டினான். மேசை விரிப்பின் மேல் ஓர் அலுமாரிச் சாவி, அதன் பக்கத்தில் யாரோ கழற்றி வைத்த வளையல்.

"இதே மாதிரி ஒன்னு வெட்டித் தாங்க."

"யாரோட அலுமாரி?"

"எங்க வீட்டுதுதான்."

"அப்ப சாவிய எடுத்துட்டு வாங்க. அரை மணித்தியாலத்துல வெட்டித் தாறேன்."

"எடுத்தா அவளுக்குத் தெரிஞ்சிடுமே," என்று சொல்லிவிட்டுச் சிரித்தான். ஏதோ பகிடி சொன்னவன் போல அவளும் சிரிப்பாள் என்று காத்து நின்றான். கொரட்டி மெஷினின் சுவிட்சை அணைத்தாள். பழைய துணியை எடுத்து மேசையைத் துடைக்கத் தொடங்கினாள். அவன் போகும்வரை துடைத்துக்கொண்டே இருந்தாள்.

பதுளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இன்ஸாப் நானாவின் இரும்புச் சாமான் கடை இருக்கிறது. அதன் மாடிப்படிக்குக் கீழே உள்ள இடம்தான் கொரட்டியின் கடை. ஒரு ஸ்டூல், ஒரு சாவி வெட்டும் மெஷின், சுவர் நிறைய வெற்றுச் சாவிகள். முதலில் அவள் நானாவிடம் ஆணி நிறுக்கிற வேலைக்குத்தான் சேர்ந்தாள். மெஷினில் நின்றவன் கட்டாருக்குப் போனான். வேறு ஆள் கிடைக்கும்வரை நிற்கிறேன் என்று சொன்னவள் இன்னும் நிற்கிறாள்.

பழைய பூட்டுகள் மேல் அவளுக்குப் பாசம் எதுவும் இல்லை. பாதி துருப்பிடித்தவை, மீதி ஒரு ஆணியைக் கொடுத்தாலே திறந்துகொள்பவை. ஆனால் அந்தக் காலத்தில் பூட்டோடு அதற்குரிய ஆளும் வந்தார். ஸ்பிரிங்வெலி தோட்டத்திலிருந்து ஒரு அம்மா தகரப் பெட்டியையே தலையில் வைத்து பஸ் ஏறி வருவாள். 'யாருடையது' என்று கேட்கத் தேவையே இருக்காது. பிறகு மோட்டார் சைக்கிள் சாவிகள் வந்தன. அதற்குப் பிறகு, பறிமுதல் செய்த ஆட்டோக்களுக்குச் சாவி கேட்டு ஃபினான்ஸ் கம்பனி ஆட்கள் வந்தார்கள். அவள் முடியாது என்றாள். அவர்கள் எதிர்க்கடைக்குப் போனார்கள். இப்போது எல்ல, பண்டாரவளைப் பக்கத்துக் கெஸ்ட் ஹவுஸ்களில் சாவியே கிடையாது. நம்பர் அழுத்துகிற பூட்டு, ஃபோனால் திறக்கிற பூட்டு. அவற்றையும் அவள் வீடியோ பார்த்துப் பார்த்துக் கழற்றிப் பூட்டப் பழகிக்கொண்டாள். பூட்டுகளால் அவளுக்குச் சிரமம் இல்லை. அவற்றைக் கொண்டு வருகிறவர்களைப் பார்க்கத்தான் வரவர அருவருப்பாக இருந்தது.

வியாழன் காலையில் எல்லவிலிருந்து ஜெயகுமார் என்பவன் பேசினான். ஒரு கெஸ்ட் ஹவுஸில் மெனேஜராம்.

"அக்கா, ஃபோன் லொக் ஒன்னு வேலை செய்யல. பெட்டரி செத்துடுச்சு போல. கொஞ்சம் அவசரம். ஆட்டோ அனுப்பவா?"

"உள்ளுக்கு யாரும் இருக்காங்களா தம்பி?"

"இருக்காங்க. பயப்படுற மாதிரி ஒன்னுமில்ல, வாங்க."

வெள்ளைக்காரச் சோடி ஒன்று அறைக்குள் மாட்டிக்கொண்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டு பையை எடுத்தாள். ஹாலிஎல தாண்டி, தெமோதரை தாண்டி, வளைவு வளைவாக ஆட்டோ ஏறியது. போகும் வழியெல்லாம் போன வருட மழையில் சரிந்த மண் இன்னும் ரோட்டோரத்தில் குவிந்து கிடந்தது.

கெஸ்ட் ஹவுஸ் முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. மலை இடைவெளியைப் பார்த்தபடி சாய்வு நாற்காலிகள். ஜெயகுமார் வாசலிலேயே நின்றான். முப்பது வயதிருக்கும், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. அவளை முன்வழியாக அழைக்காமல் பக்கவாட்டால் கூட்டிப் போனான். சமையலறைக்குப் பின்னால், கேஸ் சிலிண்டர்களைத் தாண்டி, படி இறங்கிப் போனால் தாழ்ந்த கூரையோடு ஓர் அறை. கதவில் பளபளவென்று கறுப்பு நிறப் பூட்டு. அதன் மேல் நம்பர்கள்.

"இது யாரு ரூம்?"

"வேலை செய்றவங்க படுக்கிற ரூம்."

உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. "ஜெயகுமார் அண்ணே, ஆள் வந்துட்டாங்களா? ரெங்கம்மா அக்கா தலை சுத்துதுன்னு சொல்றாங்க. மருந்து போட ஒன்னும் சாப்பிடல."

"வந்துட்டாங்க வந்துட்டாங்க," என்றான் அவன். பிறகு கொரட்டியிடம் தாழ்ந்த குரலில், "காலைச் சாப்பாட்டுக்கு கெஸ்ட் உக்காந்து இருக்காங்க அக்கா. நானே முட்டை பொரிச்சுக் குடுத்துட்டு வாறேன், பாருங்க என் நிலைமைய," என்றான்.

"நீங்களே நம்பர் போட்டுத் திறக்க வேண்டியதுதானே?"

"முதலாளி சேர் எனக்கு நம்பர் தரமாட்டாரு. சேர்தான் கொழும்புல இருந்து ஃபோன்ல திறப்பாரு. காலையில திறந்து, வேலை முடிஞ்சதும் பூட்டுவாரு. இன்னைக்கு அவரு ஃபோன்ல திறந்துடுச்சுன்னு காட்டுதாம், இங்க திறக்கல."

கொரட்டிக்கு அவன் சொன்னது முதலில் விளங்கவில்லை. குனிந்து பூட்டின் அடியில் இருந்த சின்ன மூடியை விலக்கினாள். இந்த வகைப் பூட்டுகள் எல்லாவற்றிலும் அப்படி ஒரு மூடியும், அதற்குள் சாதாரணச் சாவித் துவாரமும் இருக்கும். அதன் சாவியும் கொழும்பில்தான் என்றான் ஜெயகுமார். அவள் கம்பிகளை எடுத்தாள். கொஞ்ச நேரம் பிடித்தது. பூட்டு சுழன்றது. கதவைத் தள்ளினாள்.

முதலில் வந்தது வாடை. மூத்திர வாடை, அதை மறைக்க ஊற்றிய டெட்டோல் வாடை, காற்றே போகாத துணிகளின் வாடை எல்லாம் ஒன்றாகக் கலந்து அவள் முகத்தில் அடித்தது. இரண்டு கட்டில்கள். மூலையில் ஒரு பிளாஸ்டிக் வாளி, அதை மூடியிருந்த ஹோட்டல் தட்டு. வாளிக்கு முன்னால் கயிறு கட்டி, கெஸ்ட் அறைகளில் கிழிந்துபோன ஒரு திரைச்சீலையைத் தொங்கவிட்டிருந்தார்கள்.

இளையவள் ஜீவராணி. லுணுகலைப் பக்கத்துத் தோட்டத்துப் பெண், இருபத்திரண்டு, இருபத்து மூன்று இருக்கும். அவள் கதவு திறந்ததும் வாளியைத் தூக்கிக்கொண்டு யாரையும் பார்க்காமல் வெளியே நடந்தாள். மூத்தவள் ரெங்கம்மா, சமையல்காரி. கட்டிலில் உட்கார்ந்து சேலையை இழுத்து இழுத்துச் சரிசெய்தாள்.

"சீனி வருத்தம் இருக்கும்மா," என்றாள், கேட்காமலேயே. "எனக்கு அடிக்கடி போகணும். அந்தப் புள்ளைக்குத்தான் கஸ்டம். வாடையில படுக்கிறது."

கொரட்டி கதவைத் திருப்பி உள்பக்கத்தைப் பார்த்தாள். கைபிடி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு எவர்சில்வர் தகடு. நான்கு ஸ்குரூ போட்டு இறுக்கி, ஸ்குரூவின் தலைகளைத் தேய்த்து வழவழப்பாக்கியிருந்தார்கள். ஸ்குரூட்ரைவர் பிடிக்கவே பிடிக்காது. ஆசையோடு செய்த வேலை மாதிரி அவ்வளவு சுத்தமாக இருந்தது. அந்தச் சுத்தத்தைப் பார்த்தபோதுதான் அவளுக்குக் குமட்டியது.

ஜன்னலுக்கு இரும்புக் கம்பி. அதற்கு வெளியே, ஜன்னலின் பாதி உயரம் வரைக்கும் செம்மண். பின்மேடு சரிந்து வந்து கம்பியில் சாய்ந்து நின்றது.

"இந்த மண் எப்ப வந்தது?"

"போன வருஷ மழையில," என்றாள் ரெங்கம்மா.

"அப்பவும் கதவு பூட்டித்தான் இருந்ததா?"

ரெங்கம்மா ஜெயகுமாரைப் பார்த்தாள். வாளியைக் கழுவிக்கொண்டு வந்த ஜீவராணிதான் சொன்னாள். "பூட்டித்தான் இருந்தது. கரண்டும் இல்ல, சிக்னலும் இல்ல. விடியுற வரைக்கும் ரெண்டு பேரும் கதவுலயே ஒட்டிக்கிட்டு நின்னோம்."

ஜெயகுமார் நெற்றியைத் துடைத்தான். "அக்கா, நீங்க தப்பா நினைக்காதீங்க. ஒரு கெஸ்ட்டோட கெமரா காணாமப் போச்சு. அதுக்கப்புறம்தான் சேர் இத மாட்டினாரு. பொம்பளைப் புள்ளைங்களுக்குப் பாதுகாப்பும்தானே. நானும் தோட்டத்து லயத்துல பிறந்தவன்தான். எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுதான் தம்பி நிக்கிறீங்க," என்றாள் கொரட்டி.

அவன் முகம் சிவந்தது. அந்த நேரத்தில் அவனுடைய ஃபோன் அடித்தது. முதலாளி. ஜெயகுமார் ஸ்பீக்கரில் போட்டான். குரல் மிருதுவாக, மரியாதையாக இருந்தது.

"சிஸ்டர், ரொம்ப நன்றி. இவ்வளவு தூரம் வந்தீங்க. பெட்டரிய மாத்தி அதே மாதிரி செட் பண்ணிடுங்க. நான் ஒரு நாளும் லேட் பண்றதில்ல, ஃபோன்ல அலாரம் வெச்சுத் திறந்து விடுறேன். இன்னைக்குத்தான் இப்படி ஆயிடுச்சு. அவங்களுக்கு நான் சொரி சொன்னேன்னு சொல்லுங்க."

கோழியைக் கூட்டில் அடைப்பதைப் பற்றிக்கூட யாரும் இத்தனை இனிமையாகப் பேசமாட்டார்கள் என்று கொரட்டிக்குத் தோன்றியது. அந்தக் குரல் தன் காதுக்குள் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டதுபோல இருந்தது. கையால் காதைத் துடைத்தாள்.

"என்னால ஏலாது," என்றாள்.

"எக்ஸ்க்யூஸ் மீ?"

"திறக்கக் கூப்பிட்டீங்க, திறந்தாச்சு. மனுசரப் பூட்டி வைக்க என்னால ஏலாது."

"சிஸ்டர், அது என்னோட கதவு. என்னோட லொக்."

கொரட்டி ஃபோனை விட்டுத் திரும்பி, கட்டிலில் இருந்தவளையும் வாளியோடு நின்றவளையும் பார்த்தாள். "இதுக்குள்ள படுக்கிறது நீங்க ரெண்டு பேரும். இத நான் கழட்டவா, வேணாமா? நீங்க சொல்லுங்க."

"வேணாம்மா," என்றாள் ரெங்கம்மா உடனே. "எங்கள வேலைய விட்டு நிப்பாட்டிடுவாங்க. எனக்கு இந்த வயசுல எங்க போறது? நாங்க பழகிட்டோம்மா. வாளி இருக்கு, போதும்."

பழகிட்டோம் என்ற சொல்தான் கொரட்டியை எதையும்விட அதிகமாக அறுத்தது. அந்த மனுஷி மேலேயே ஒரு கணம் வெறுப்பு வந்தது. வந்த வேகத்தில் அது வெட்கமாக மாறியது.

ஜீவராணி வாளியைக் கீழே வைத்தாள்.

"அதக் கழட்டுங்க அக்கா," என்றாள். "நான் பழகல."

ட்ரில் கொண்டுதான் அந்த ஸ்குரூக்களை எடுக்க வேண்டியிருந்தது. ஜெயகுமார் முதலில் கதவின் குறுக்கே வந்து நின்றான். மேலே கெஸ்ட்கள் எட்டிப் பார்க்கத் தொடங்கியதும் விலகிக்கொண்டான். கொரட்டி பூட்டை முழுதாகக் கழற்றி, அதன் பாகங்களை ஒரு பேப்பரில் சுற்றி அவன் கையிலேயே கொடுத்தாள். அதற்கு முன் உள்பக்கத் தகட்டையும், அதற்குப் பின்னால் அறுபட்டிருந்த கைபிடித் தண்டையும் கதவோடு சேர்த்துப் படம் பிடித்துக்கொண்டாள். தன் பையில் கிடந்த சாதாரணத் தாழ்ப்பாள் ஒன்றை உள்பக்கமாக மாட்டிவிட்டாள். ரெங்கம்மா எழுந்து வந்து அதைப் போட்டுப் பார்த்தாள், எடுத்துப் பார்த்தாள்.

"இத யாரு வந்து மாட்டினது?" என்று கேட்டாள் கொரட்டி.

"பதுளை றொனிதான். உங்களுக்குத் தெரியும்தானே," என்றான் ஜெயகுமார்.

தெரியும். ஒரே கோயில், ஒரே பூசை. கெமரா, கேட் மோட்டர், ஃபோன் பூட்டு எல்லாம் மாட்டுகிறவன். ஞாயிறுகளில் பூசைப் பாட்டுகளுக்குக் கீபோர்ட் வாசிப்பான்.

ஜீவராணி தன் பையைக் கட்டிக்கொண்டு அவளோடு ஆட்டோவில் ஏறினாள். ரெங்கம்மா படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஆட்டோ தெமோதரையைத் தாண்டும்போது ஜீவராணி, "அக்கா, என் மேல வாடை அடிக்குதா?" என்று கேட்டாள்.

"இல்ல," என்றாள் கொரட்டி. உண்மையில் அடித்தது. தன் கையிலும் அதே வாடை இருந்தது.

றொனியின் கடையில் ஏசி ஓடியது. நுழைந்ததும் அவன் எழுந்து, "வாங்க கொரட்டிக்கா, உக்காருங்க. ப்ளேன்டீ சொல்லவா?" என்றான்.

அவள் ஃபோனில் படத்தைக் காட்டினாள். அவன் பார்த்தான். முகத்தில் பெரிய மாற்றம் எதுவும் இல்லை.

"இது எல்லவுல செஞ்ச ஜொப்."

"உள்ள ஆள் படுக்கிற ரூம்னு தெரியுமா?"

"கட்டில் கிடந்தது."

"தெரிஞ்சும் கைபிடிய வெட்டியிருக்கே."

"கஸ்டமர் கேட்டாரு, செஞ்சேன். லொக்க எந்தப் பக்கம் மாட்டச் சொல்றாங்களோ அந்தப் பக்கம் மாட்டுறதுதான் என் வேலை. நான் மாட்டாட்டி இன்னொருத்தன் மாட்டுவான் அக்கா. காலம் மாறிடுச்சு. எங்க முந்தின ஆளுங்க மாதிரி ஒவ்வொரு பூட்டுக்கும் கதை கேட்டுக்கிட்டு இருந்தா கடைய மூட வேண்டியதுதான்."

"வேற எங்கயும் இப்படி மாட்டியிருக்கியா?"

அவன் கண் மேசைக்கு அடியில் இருந்த பழைய பெயின்ட் வாளியை ஒரு முறை தொட்டுவிட்டுத் திரும்பியது. கொரட்டி குனிந்து பார்த்தாள். உடைந்த கெமராக்கள், வயர் துண்டுகள். அவற்றுக்கிடையே பூட்டுகளின் உள்பக்கத்துக்கு வருகிற புத்தம் புதிய கைபிடிகள். ஒன்றல்ல. பொலித்தீன் உறைகூடக் கிழியாமல், தண்டு மட்டும் அறுக்கப்பட்டு, நாலைந்து கிடந்தன.

அவள் கடைக்கு வெளியே ஓடி வடிகானோரம் குனிந்தாள். காலையில் குடித்த தேத்தண்ணி மட்டும் வந்தது. ஜீவராணி முதுகைத் தடவிவிட்டாள். உள்ளே றொனி கண்ணாடிக் கதவை மூடிக்கொள்வது தெரிந்தது.

மறுநாள் வேலையாட்களின் முறைப்பாடுகளை எடுக்கிற தொழில் அலுவலகத்துக்கு இருவரும் போனார்கள். அங்கே விஜயலெட்சுமி என்ற உத்தியோகத்தர் படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"யார் பேர்ல முறைப்பாடு போடுறது? உள்ள இருந்தவங்க சொன்னாத்தான் பலமா இருக்கும்."

"என் பேர்ல போடுங்க மிஸ்," என்றாள் ஜீவராணி. "கதவுல ஒட்டிக்கிட்டு நின்னதையும் போடுங்க."

விஜயலெட்சுமி அடுத்த வாரம் முடிவதற்குள் எல்லவுக்குப் போனார். அதற்குள் அந்தக் கதவில் கைபிடியோடு புதுப் பூட்டு வந்திருந்தது. சுவருக்குப் புது வெள்ளை, ஜன்னல் மண் வெட்டி எடுத்தாகிவிட்டது. வாளி இல்லை. முதலாளி கொழும்பிலிருந்து நேரிலேயே வந்து, உத்தியோகத்தருக்கு இளநீர் கொடுத்துச் சிரித்தாராம். ஆனால் ஜீவராணியின் வாக்குமூலமும் படங்களும் இருந்ததால் சிரிப்போடு முடிக்க முடியவில்லை. வழக்கு எழுதினார்கள். இன்னும் நடக்கிறது. ரெங்கம்மா அங்கேயே சமைக்கிறாள். ஆட்டோக்காரன் மூலம் ஒரு நாள் சொல்லி அனுப்பினாள், இப்போது தேவைப்பட்ட நேரம் எழுந்து வெளியே போக முடிகிறதென்று. அதைக் கேட்டுக் கொரட்டிக்குச் சந்தோஷம் வரவில்லை. மனுஷர் நன்றி சொல்ல வேண்டிய காரியமா அது என்றுதான் எரிச்சல் வந்தது.

லுணுகலைக்குத் திரும்பிய ஜீவராணியை வீட்டில் வரவேற்கவில்லை. நல்ல வேலையை விட்டுவிட்டு வந்தவள் என்று லயத்தில் பேச்சு. ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு பதுளைக்கு வந்து, ஒரு துணிக்கடையில் சேர்ந்தாள். தங்கும் அறையைப் பார்க்கப் போனபோது முதலில் கதவின் உள்பக்கத்தைத்தான் தடவிப் பார்த்ததாகக் கொரட்டியிடம் சொன்னாள்.

றொனிக்கு ஒன்றும் ஆகவில்லை. கடையில் ஏசி ஓடியது. மற்றக் கதவுகள் எங்கே என்று உத்தியோகத்தர் கேட்டதற்கு, வாளியில் கிடந்த கைபிடிகள் வெறும் பழுதான சாமான்கள் என்று எழுதிக் கொடுத்தான்.

அவன் அப்படி எழுதிக் கொடுத்ததற்கு அடுத்த ஞாயிறு பூசையில், சமாதானம் சொல்லிக்கொள்ளும் நேரம் வந்தது. எல்லாரும் பக்கத்தில் இருந்தவர்களுக்குக் கை கொடுத்தார்கள். றொனி கீபோர்டிலிருந்து எழுந்து, முன்வரிசை வாங்குகளில் நின்ற ஒவ்வொருவருக்கும் கை கொடுத்துக்கொண்டு வந்தான். கொரட்டிக்கு முன்னாலும் வந்து நின்று கையை நீட்டினான்.

கொரட்டி கையைக் கட்டிக்கொண்டே இருந்தாள்.

"சமாதானம் கொரட்டிக்கா," என்றான், மற்றவர்களுக்கும் கேட்கும்படி.

"அந்தக் கைபிடியெல்லாம் எந்தக் கதவோடதுன்னு சொல்லு," என்றாள் அவள். குரலை உயர்த்தவில்லை. ஆனால் அந்த நேரத்தில் கோயிலில் பாட்டு இல்லை. "அந்த ரூம்களுக்குள்ள யாரு படுக்கிறாங்கன்னு சொல்லு. அப்புறம் கை தாறேன்."

அவன் நீட்டிய கையை இழுத்துக்கொண்டு அடுத்த வாங்குக்குப் போனான். அங்கே இருந்த ஷிரோமி டீச்சர் கை கொடுப்பதா வேண்டாமா என்று தடுமாறி, கடைசியில் கையைக் கூப்பிக் கும்பிட்டு வைத்தாள். பூசை முடிந்ததும் சிலர் கொரட்டியிடம் வந்து, கோயிலுக்குள் அப்படிச் செய்திருக்க வேண்டாம் என்றார்கள். ஃபாதரும் அதையே மெதுவாகச் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டாள். பிறகு குழாயடியில் போய்க் கையையும் முகத்தையும் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

செவ்வாய்க்கிழமை அவள் கடை திறந்தபோது, மாடிப்படிக்குப் பக்கத்தில் ஒரு பெண் குடையோடு நின்றிருந்தாள். கோயிலில் எப்போதும் பின்வரிசையில் உட்காருகிறவள். பேர்கூடக் கொரட்டிக்குத் தெரியாது. கையில் பூட்டும் இல்லை, சாவியும் இல்லை.

"அக்கா, நீங்க அன்னைக்குக் கோயில்ல கேட்டீங்களே," என்றாள் அந்தப் பெண். சுற்றிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "பண்டாரவளையில ஒரு பெரிய வீட்டுல என் மகள் வேலைக்கு நிக்கிறா. காலையில கதவைத் திறந்து விடுவாங்கன்னு சொல்லுவா. நான் அத ஒரு சாதாரணப் பேச்சா நினைச்சுட்டேன். நீங்க சொன்ன பிறகுதான் யோசிச்சேன், அவளே ஏன் திறக்கலன்னு."

கொரட்டி மெஷின் சுவிட்சில் வைத்த கையை எடுத்தாள்.

"நானா," என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டாள், "கடைய ஒருக்காப் பாத்துக்கோங்க. நான் பண்டாரவளைக்குப் போய்ட்டு வாறேன்."

"என்ன வேலை தங்கச்சி?" என்றார் இன்ஸாப்.

"இன்னும் பாக்கல," என்று சொல்லி, ட்ரில்லைப் பையில் வைத்தாள். போகிற வழியில் விஜயலெட்சுமிக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டு, அந்தப் பெண்ணின் பின்னால் பஸ் நிலையத்துக்கு நடந்தாள்.